ஆடி இருந்த இடம்

கெனன் நிறுவனம் 1971இல் எஃப்.டி. என்ற பெயரில் ஒரு லென்ஸ் வரிசையை வெளியிட்டது. அந்த வரிசையில் வந்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்று கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிம் கமரா எப்போதோ பழுதாகிவிட்டது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டில் அதே கெனன் நிறுவனத்தின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமராவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் உலோக வளையத்தை, அதாவது அடப்டரை, வைத்துப் பூட்டி மேல்மாடியில் நின்று பார்க்கிறார்கள். எதிரே தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருப்பவரின் முகம் கண்ணிமை மயிர்வரை தெளிவாக விழுகிறது. அவருக்குப் பின்னால் நிற்கும் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடமோ லென்ஸை எந்தப் பக்கம் திருகினாலும் கலங்கலாகவே நிற்கிறது.

இனி அதே லென்ஸைக் கெனனோடு ஒட்டுறவு ஏதும் இல்லாத பனசோனிக்கின் சின்னக் கமரா ஒன்றில் பூட்டுங்கள். இங்கும் நடுவே ஒரு வளையம்தான். உள்ளே கண்ணாடி கிடையாது, கம்பி கிடையாது. விரலை விட்டால் மறுபக்கம் வரும். ஆனால் முகமும் தெளிகிறது, குவிமாடமும் தெளிகிறது, குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் சிலுவையும் தெளிகிறது. சொந்த நிறுவனத்தின் கமராவில் வேலை செய்யாத லென்ஸ் அந்நிய நிறுவனத்தின் கமராவில் ஏன் வேலை செய்கிறது?

விடை லென்ஸில் இல்லை. கமராவின் வயிற்றுக்குள் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பகல் வேளையில் யன்னல் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் வெளியுலகம் தலைகீழாகச் சுவரில் வந்து விழும். காலி வீதியைப் பார்த்த வெள்ளவத்தை வீடென்றால் பஸ்கள் கூரை கீழாக ஓடும். அப்போது கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் கிடைப்பதுதான் அந்தக் கண்ணாடியின் குவியத்தூரம். கண்ணாடியைச் சுவரை நோக்கி நகர்த்தினாலும் கலங்கும், விலக்கினாலும் கலங்கும். அடுத்ததாக அறைக்குள்ளேயே ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, அதன் சுடரைச் சுவரில் விழுத்திப் பாருங்கள். இம்முறை கண்ணாடியைச் சுவரிலிருந்து முன்னையிலும் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். தூரத்துப் பொருளின் விம்பம் கண்ணாடிக்குக் கிட்ட விழுகிறது. கிட்டிய பொருளின் விம்பம் தூர விழுகிறது. கமராவின் முழு இரகசியமும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ஊர்க் கோவில் திருவிழாவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் நினைவிருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. ஒளிவீசியைச் சரிசெய்து முடித்த பிறகு யாராவது துணியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டால் கதாநாயகனின் முகம் கரைந்துவிடும். கமராவில் துணியின் இடத்தில் அன்று ஃபிலிம் இருந்தது, இன்று சென்சர் எனப்படும் ஒளி உணரி இருக்கிறது. அதை நகர்த்த முடியாது. ஆகவே லென்ஸ் நகர்கிறது. பழைய லென்ஸின் வளையத்தைத் திருகும்போது உள்ளிருக்கும் கண்ணாடிகள் வெளியே தள்ளப்படுகின்றன. அதனால் கிட்டியவை தெளிகின்றன. மறுபக்கம் திருகினால் கண்ணாடிகள் உள்ளே வந்து, படுத்த எட்டுப் போன்ற முடிவிலிக் குறியில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் உள்ளே போகாது. முட்டி நிற்கும் அந்த இடத்தில் அடிவானம் சரியாக ஃபிலிமின் மேல் விழவேண்டும் என்பதுதான் லென்ஸ் செய்தவரின் கணக்கு.

அந்தக் கணக்குக்கு ஓர் அளவு நிச்சயமாக வேண்டும்: லென்ஸ் வந்து உட்காரும் உலோக விளிம்பிலிருந்து ஃபிலிம்வரை உள்ள தூரம். இதை இருக்கைத் தூரம் என்று சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டது. 1959இல் வந்த நிக்கன் எஃப் கமராவுக்கு 46.5 மி.மீ. ஒலிம்பஸ் ஓ.எம். வரிசைக்கு 46. எம்42 என்ற திருகுபுரி லென்ஸ்களுக்கு 45.46; செனிட், பிரக்டிக்கா, பென்டக்ஸ் ஸ்பொட்மற்றிக் எல்லாம் அந்தக் குடும்பம். மினோல்டாவுக்கு 43.5. கெனன் எஃப்.டி.க்கு 42. எல்லாம் நாற்பதைத் தாண்டி நிற்பது தற்செயல் அல்ல. எஸ்.எல்.ஆர். கமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45 பாகை சரிவில் ஓர் ஆடி நிற்கும். லென்ஸ் தரும் விம்பத்தை மேலே திருப்பிப் படமெடுப்பவரின் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பொத்தானை அழுத்தியதும் சடக்கென்று மேலே மடங்கி வழிவிடும். 36க்கு 24 மி.மீ. ஃபிலிம் சட்டத்துக்கு ஈடான ஓர் ஆடி எங்கும் இடிபடாமல் ஏறி இறங்க நாலு சென்ரிமீற்றருக்கு மேல் வெற்றிடம் தேவை.

1987இல் கெனன் தன் பழைய இருக்கையை முற்றாகக் கைவிட்டு, தானாகக் குவிக்கும் ஈ.எஃப். வரிசைக்கு மாறியது. அதன் இருக்கைத் தூரம் 44 மி.மீ. இங்கேதான் நம் புதிருக்கு விடை. எஃப்.டி. லென்ஸ் கேட்பது 42. புதிய உடல் தருவது 44. வளையத்தின் தடிப்பை விட்டுவிட்டாலும்கூட லென்ஸ் 2 மி.மீ. முன்னே தள்ளி நிற்கிறது.

இரண்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று அடிவானத்திலிருந்து ஐந்து மீற்றர் தூரத்துப் பொருளுக்குத் தன் தெளிவை மாற்ற அரை மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும். 2 மி.மீ. தள்ளி நின்றால் அதன் உலகம் ஒன்றேகால் மீற்றரோடு முடிந்துவிடும். தேத்தண்ணீர் குடித்தவர் அந்த எல்லைக்குள் இருந்தார், தேவாலயம் இருக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கக் கண்ணாடி பதித்த அடப்டர்களும் விற்கிறார்கள். ஒரு நல்ல லென்ஸின் பின்னால் ஒரு மலிவுக் கண்ணாடியை ஒட்டுவதற்காகப் பணம் செலவழிக்க எனக்கு மனம் வராது.

2008இல் ஒலிம்பஸும் பனசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற புதிய இருக்கையை அறிவித்தன. அதே ஆண்டு பனசோனிக்கின் ஜி1 கமரா வந்தது. அதில் ஆடி இல்லை. சென்சர் பார்ப்பதை நேரே ஒரு சின்னத் திரைக்கு அனுப்பினால் போதும், ஆடி எதற்கு? ஆடி போனதும் அது ஏறி இறங்கிய இடமும் தேவையற்றுப் போனது. இருக்கைத் தூரம் 19.25 மி.மீ. ஆகச் சுருங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சோனியின் ஈ இருக்கைக்கு 18. நிறுவனங்கள் இதைச் செய்தது கமராவைச் சிறிதாக்கத்தான். பழைய லென்ஸ்காரரை நினைத்து அல்ல. ஆனால் 42இலிருந்து 19.25ஐக் கழித்தால் 22.75 மி.மீ. மிஞ்சுகிறது. அந்த நீளத்தில் ஒரு வெறும் குழாயைச் செய்து நடுவே வைத்தால் எஃப்.டி. லென்ஸுக்குத் தான் பழகிய 42 கிடைத்துவிடும். எம்42 லென்ஸுக்கு 26.21 மி.மீ. குழாய். முன்பு ஆடி நின்ற வெற்றிடத்தைக் கமராவுக்கு வெளியே செய்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். தூரம் மிஞ்சினால் குழாய் வைக்கலாம். குறைந்தால் உலோகத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் பழைய லென்ஸ் புதிய கமராவுக்கு வருகிறது, புதிய கமராவின் லென்ஸ் பழைய கமராவுக்குப் போவதில்லை.

ஆடியில்லாக் கமரா 2008இல் முளைத்த புதுமையும் அல்ல. லைக்காவில் முதலிலிருந்தே ஆடி கிடையாது. பக்கத்திலுள்ள தனிச் சாளரம் வழியாகப் பார்ப்பார்கள். ஆகவே அதன் திருகுபுரி லென்ஸ்களின் இருக்கைத் தூரம் 28.8 மி.மீ.தான். 1930களில் கொழும்பில் லைக்காவைக் கையாண்டவர்களில் பெயர்பெற்றவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர், பியானோக் கலைஞர், இலங்கைப் புகைப்படச் சங்கத்தை 1934இல் தொடங்கியவர்களில் ஒருவர். கில்ஃபோர்ட் கிரசன்றில் அவர் வாழ்ந்த இடத்தில்தான் இன்று அவர் பெயரிலான கலையரங்கு நிற்கிறது. அவர் காலத்து லைக்கா லென்ஸ் எதையும் ஆடியுள்ள டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் வைத்துத் தூரத்தைப் பார்க்க முடியாது, 28.8 எங்கே, 44 எங்கே! சின்னக் கமராவில் ஒன்பதரை மில்லிமீற்றர் வளையத்தோடு அது வேலை செய்யும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. லைக்காவின் அகலக்கோண லென்ஸ்கள் ஃபிலிமுக்கு மிகக் கிட்ட உட்காரும். படத்தின் மூலைகளுக்குப் போகும் ஒளி மிகவும் சாய்ந்து போகும். ஃபிலிமுக்கு அது பொருட்டில்லை. சென்சருக்கு மேல் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. பனசோனிக், ஒலிம்பஸ் கமராக்களில் ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்பு. சாய்ந்து வரும் ஒளி அந்தத் தடிப்புக்குள் முறிந்து இடம் மாறுவதால் மூலைகள் இழுபட்டுப்போகும். எஸ்.எல்.ஆரின் அகலக்கோண லென்ஸ்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆடி இடிக்காதபடி அவற்றை முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே ஒரு புதிய அமைப்பை பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் 1950இல் கொண்டுவந்தது. தள்ளி நின்றதால் ஒளியும் நேராக வந்து விழுகிறது. ஆடிக்காகப் பட்ட பாடு ஆடி போன பிறகு பயன் தருகிறது.

மலிவு அடப்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் கட்டையாகக் கடைந்திருப்பார்கள். நீண்டுபோனால் அடிவானம் கிடைக்காது, வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். கட்டையாக இருந்தால் லென்ஸ் அடிவானத்தையும் தாண்டித் திரும்பும், ஒருவரும் முறையிட மாட்டார். ஆனால் லென்ஸில் பொறித்திருக்கும் தூர அளவுகளை அதன் பிறகு நம்பக்கூடாது. சரிபார்க்க நல்ல இடம் வெள்ளவத்தையின் மரைன் டிரைவ். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல் ஒன்று பெரும்பாலும் அடிவானத்தில் தெரியும். லென்ஸுக்குள் ஒளியை விடும் துவாரத்தை முழுதாகத் திறந்து, திரையில் கப்பலைப் பத்து மடங்கு பெருப்பித்து, வளையத்தை மெல்லத் திருகுங்கள். கப்பலின் பாரந்தூக்கிகள் ஒரு கணம் கூர்ந்து, பிறகு மீண்டும் கரைந்தால் வளையம் கட்டை. கூர்வதற்குள் லென்ஸ் முட்டி நின்றுவிட்டால் வளையம் நீளம். 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.4 துவாரத்தில் (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது) திறந்திருக்கும்போது 0.02 மி.மீ. பிழைகூடத் திரையில் தெரியும். அந்த அளவு நீண்டால் 125 மீற்றருக்கு அப்பால் இருப்பவை கூராமல் போகும். மனிதத் தலைமயிரின் தடிப்பில் அது மூன்றிலொன்றுகூட இல்லை.

கமராவுக்குத் தன் முன்னால் லென்ஸ் இருப்பதே தெரியாது என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. மின்தொடர்பு இல்லாததால் பல கமராக்கள் படமெடுக்க மறுக்கும். பட்டியலுக்குள் போய், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் தெரிவைத் திறந்துவிட வேண்டும். துவாரத்தையும் தெளிவையும் கையாலேயே வைக்க வேண்டும். தெளிவு கிடைத்த விளிம்புகளைச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ காட்டும் பீக்கிங் வசதி இதற்கு உதவும். கமரா பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சத்தை ஒப்பிட்டு, வேறுபாடு சட்டென்று மாறும் இடங்களில் நிறம் பூசுகிறது. தெளிந்த விம்பத்தில் விளிம்புகள் சட்டென்று மாறும், கலங்கியதில் மெல்ல மாறும்; அதற்குத் தெரிந்தது அவ்வளவே. ஆகவே சரிகைக் கரையும் மின்குமிழ்ச் சரமும் அதை இலகுவில் ஏமாற்றும்.

இவ்வளவு மினக்கெடுவது எதற்கு? ஒளிக்குத்தான் முதலில். கமராவோடு சேர்ந்து வரும் மலிவு சூம் லென்ஸ் 50 மி.மீ. அளவில் பெரும்பாலும் எஃப் 5.6 ஆகிவிடும். பழைய 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் அதைவிட 16 மடங்கு ஒளியை உள்ளே விடும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலின் கருங்கல் மண்டபம் போன்ற இருட்டில், படமெடுக்க அனுமதி கிடைத்தால், அந்த 16 மடங்குதான் படம் ஆடுவதற்கும் ஆடாததற்கும் உள்ள வேறுபாடு.

இன்னொரு காரணத்தைப் பலர் சொல்வார்கள்: பழைய லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு என்று. உண்மைதான். ஆனால் அந்தக் குணத்தில் எவ்வளவு உங்கள் படத்துக்குள் வரும் என்பதை லென்ஸ் அல்ல, சென்சர்தான் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு லென்ஸும் தன் பின்னால் ஒரு வட்டமான விம்பத்தை விழுத்துகிறது. விம்ப வட்டம் என்போம். 35 மி.மீ. ஃபிலிமுக்கென்று செய்த லென்ஸின் வட்டம் 36க்கு 24 மி.மீ. சட்டத்தை மூடவேண்டும், அதாவது குறுக்களவு குறைந்தது 43 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சர் 17.3க்கு 13 மி.மீ.தான். பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கோவில் திருவிழாத் துணியைச் சுற்றிவர வெட்டி, நடுத்துண்டை மட்டும் அதே இடத்தில் கட்டிவிட்டால் என்ன நடக்கும்? ஒளிவீசி முன்போலவே முழுப்படத்தையும் அனுப்பும். நடுவில் நிற்பவர் மட்டும் துணியில் விழுவார், மற்றவை இருளுக்குப் போகும். சின்னக் கமராவில் 50 மி.மீ. லென்ஸ் 100 ஆகிவிடும் என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். லென்ஸில் எதுவும் மாறவில்லை, எதுவும் பெருகவும் இல்லை. கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியுள்ள கமரா லென்ஸின் குவியத்தூரத்தைக் கேட்கும்போது 50 என்றே கொடுக்க வேண்டும். 100 என்று கொடுத்தால் அது நடுக்கத்தை இரட்டிப்பாகத் திருத்தப்போய்த் தானே ஆட்டத்தை உண்டாக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேர் 100 என்றுதான் கொடுப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த வெட்டில் அதிகம் ஏமாறுபவர்கள் ஹெலியோஸ் 44-2 வாங்குபவர்கள். சோவியத் நாட்டில் செனிட் கமராக்களோடு பெருந்தொகையாக வந்த 58 மி.மீ. எஃப் 2 லென்ஸ் அது. ஜெர்மனியின் சைஸ் பயோட்டார் லென்ஸை ஒட்டிச் செய்தது. ஒருவரை நடுவில் நிறுத்தி, பின்னால் இலைகளோ விளக்குகளோ கலங்கி நிற்கும்படி எடுத்தால் பின்னணி அவரைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும். ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் ஆடிவேல் ரதம் வரும் இரவில், வீதியோர மின்குமிழ்களைப் பின்னால் வைத்து எடுத்தால் இது நன்றாக விழும்.

காரணத்தைப் பார்க்கக் கமராவே வேண்டாம். லென்ஸைக் கையில் எடுத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வட்டமான ஒளித்துளை தெரியும். மெல்லச் சரியுங்கள். முன்விளிம்பு ஒரு பக்கத்தால் வட்டத்தைக் கடிக்கும், பின்விளிம்பு மறுபக்கத்தால் கடிக்கும். நடுவில் இரு முனையும் கூர்ந்த ஒரு கண்வடிவம் மிஞ்சும். படத்தின் ஓரத்துக்குப் போகும் ஒளி இப்படிச் சரிந்துதான் போகிறது. கலங்கிய விளக்குப்பொட்டு ஒவ்வொன்றும் அந்தத் துளையின் வடிவத்தையே எடுக்கும். ஆகவே நடுவில் விழும் பொட்டுகள் வட்டமாகவும், ஓரத்துப் பொட்டுகள் மையத்தைச் சுற்றி ஒருக்கணித்த கண்களாகவும் அமைகின்றன. அந்த வரிசையைத்தான் நாம் சுழற்சி என்கிறோம். துவாரத்தை எஃப் 4க்குச் சுருக்கினால் விளிம்புகள் குறுக்கே வரமாட்டா, சுழற்சி நின்றுவிடும். சின்னச் சென்சரிலும் அதுவே நடக்கும், ஏனென்றால் கண்வடிவப் பொட்டுகள் விழும் ஓரம் துணியோடு வெட்டுப்பட்டுப் போய்விட்டது. இணையத்தில் பார்த்த சுழற்சியை நம்பி வாங்கி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பூட்டி, லென்ஸ் போலியோ என்று சந்தேகப்படுபவர்கள் இருக்கிறார்கள். லென்ஸில் பிழையில்லை. சுழற்சி வேண்டுமென்றால் 2013இல் வந்த சோனி ஏ7 போல ஃபிலிம் அளவுச் சென்சருள்ள உடல் வேண்டும்.

மறுபுறம் பார்த்தால் ஒரு லென்ஸின் குறைகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் கூடும். நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் ஐம்பது வயது லென்ஸும் வியக்கத்தக்க ஒழுங்காக நடந்துகொள்ளும். ஓரக் குறையையே கலையாக்கியவர் ஒருவர் இலங்கை மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமெரன் 1863 டிசம்பரில், தன் 48ஆம் வயதில் முதல் கமராவைப் பெற்றார். அதிலிருந்தது பெட்ஸ்வால் அமைப்பில் செய்த, ஜமின் நிறுவனத்தின் லென்ஸ். 1840இல் யோசப் பெட்ஸ்வால் கணித்த அந்த அமைப்பு, அக்காலத்துக்கு மிகுந்த ஒளியைத் தந்தது. ஆனால் அதன் விம்பம் தட்டையாக விழாது, வளைந்து விழும். படம் பதியும் தட்டுத் தட்டையாக இருப்பதால் நடு தெளிந்தால் ஓரம் கரையும். கமெரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையில் இருந்தபோதும் படமெடுத்தார். 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

பழைய லென்ஸின் இன்னொரு குணம் வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வெளிப்படும். சூரியன் நேரே கடலுக்கு மேல் நிற்கும்; தண்டவாளத்தில் நடந்து போகிறவர்கள் கறுப்பு உருவங்களாக விழவேண்டியவர்கள், சாம்பலாக வெளிறி விழுவார்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஹெலியோஸில் ஆறு கண்ணாடிகள் நாலு தொகுதிகளாக இருக்கின்றன. காற்றைத் தொடும் மேற்பரப்புகள் எட்டு. பூச்சே இல்லையென்றால் எட்டையும் கடந்து வருவது 72 சதவீதம்தான். இழப்பைவிட மோசம், திரும்பிய ஒளி சும்மா போகாதது. ஒரு மேற்பரப்பில் பட்டுத் திரும்பி, இன்னொன்றில் பட்டு மீண்டும் முன்னோக்கி வந்து சென்சரில் விழும். எட்டு மேற்பரப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 28 சோடிகள். 28 பேய் விம்பங்கள். பெரும்பாலானவை பரந்து கரைந்து, படம் முழுவதிலும் ஒரு வெள்ளைத் திரையாகப் படியும்.

இதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் டெனிஸ் டெய்லர், காலத்தால் மங்கி நிறம்மாறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிடக் கூடுதலான ஒளியை விடுவதைக் கவனித்தார். கண்ணாடியின் மேல் படிந்த மெல்லிய படலம் தெறிப்பைக் குறைத்திருந்தது. படலத்தின் மேல்முகத்தில் தெறிக்கும் ஒளியலையும் அடிமுகத்தில் தெறிக்கும் ஒளியலையும், படலத்தின் தடிப்பு அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், ஒன்றையொன்று அழிக்கும். திரும்பிப் போகாத ஒளி முன்னே போகும். 1935இல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா இந்தப் படலத்தை வெற்றிடத்தில் பூசும் முறையைக் கண்டார். ஒரு படலம் ஒரு நிறத்துக்குத்தான் கால்பங்காக அமையும். அதனால்தான் பழைய லென்ஸைச் சரித்துப் பார்த்தால் ஊதாவோ பொன்மஞ்சளோ மின்னுகிறது. அழிக்கப்படாமல் தப்பிய நிறம் அது. இன்றைய லென்ஸ்களில் பல படலங்கள் இருக்கின்றன. டிஜிட்டலில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது: ஃபிலிமின் முகம் மங்கல், சென்சரின் முகமோ பளபளப்பு. அங்கிருந்து தெறிக்கும் ஒளி லென்ஸின் பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். சிலர் இந்த வெளிறலைக் கனவுபோல் இருக்கிறது என்று விரும்புகிறார்கள். எனக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் ஒரு ரப்பர் ஹூட் போதும்.

மஞ்சள் படிந்த லென்ஸ் ஒன்று அகப்பட்டால் பயந்து எறிந்துவிட வேண்டாம். 1960களின் நடுவிலிருந்து வந்த சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்றவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. நிறங்களை அதிகம் பிரிக்காமல் ஒளியை வலுவாக முறிக்க அந்தக் கலவை உதவியது. தோரியம் மெல்லிய கதிர்வீச்சை வெளியிடும். கைகர் கருவியைப் பின்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தால் கேட்கும். அந்தக் கதிர்வீச்சு கண்ணாடிக்குள் உண்டாக்கும் நுண்குறைகள் நீல ஒளியை விழுங்குவதால்தான் மஞ்சள். சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் அந்தக் குறைகளை ஆற்றும்: யன்னலோரத்தில், பின்பக்கத்தில் அலுமினியத்தாள் வைத்துச் சில வாரங்கள் விட்டால் வெளுக்கும். திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள், நெருப்புப் பிடிக்கும். தோரியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. ஆகவே மஞ்சள் மெல்ல மெல்லத் திரும்பியும் வரும். கழுத்தில் தொங்கவிட்டுப் போவதில் அஞ்ச ஏதுமில்லை. உடைக்கவோ அரைக்கவோ மட்டும் கூடாது.

கொழும்பில் பழைய லென்ஸின் உண்மையான எதிரி பூஞ்சணம். இங்குள்ளவர்கள் பங்கஸ் என்பார்கள். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் அது முளைக்கும். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் அந்த எல்லை தாண்டப்படுகிறது. பூஞ்சணம் கண்ணாடியைத் தின்பதில்லை. உள்ளே படிந்த தூசி, எண்ணெய்ப்பசை, கைரேகை இவைதான் அதன் சாப்பாடு. ஆனால் வளரும்போது அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிடும். லென்ஸைப் பிரித்துத் துடைத்த பிறகும் நூல்நூலாகத் தடம் நிற்பது அதனால்தான். தோற்பைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து; தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அரிசி டப்பாவுக்குள் போடும் வழக்கமும் உதவாது. அரிசியே ஈரம் கொண்ட பொருள், தவிட்டுத்தூள் வேறு. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரமானியும் போதும். ஈரப்பதனை 40 தொடக்கம் 50 வரை வைத்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளையத்துக்குள் இருக்கும் கிரீஸ் காய்ந்து இறுகத் தொடங்கும். ஜெல் நிறம் மாறியதும் 120 பாகை வெப்பத்தில் சூடாக்கினால் ஈரத்தை விட்டுவிடும். கடலைப் பார்த்த வீட்டில் உப்புக்காற்றும் சேரும். திருகுபுரியிலும் வளையத்திலும் வெண்பொடி பூத்தால் அது பூஞ்சணம் அல்ல, உலோகம் அரிபடுகிறது.

வாங்குவதற்கு முன் கைத்தொலைபேசி விளக்கை லென்ஸின் பின்னால் பிடித்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, கொஞ்சம் சரித்துப் பாருங்கள். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாத லென்ஸில் சிலந்திநூல்கள் புலப்படும். முன்கண்ணாடியில் இரண்டொரு நூல்கள் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். சென்சரிலிருந்து அவ்வளவு தள்ளி, அவ்வளவு கலங்கி நிற்கும் ஒன்று தன் வடிவத்தைப் படத்தில் காட்டாது. சூரியனுக்கு நேரே பிடித்தால் மட்டும் வெளிறல் கூடும். பின்கண்ணாடியில் இருந்தால் கதை வேறு. அது சென்சருக்குக் கிட்ட இருக்கிறது, துவாரத்தைச் சுருக்கச் சுருக்க அதன் நிழல் கூரும். அப்படிப்பட்ட லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டுபோய் நல்ல லென்ஸ்கள் இருக்கும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.